ரோடமின் ஃபாலாய்டின் 300 யூனிட் குப்பி: சிஎஃப்எல்1 வேலைக்கு எவ்வளவு தேறும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செல்லின் உருவத்தைத் தாங்கும் ஆக்டின் என்ற புரதத்தின் இழைகளைப் பார்க்க ரோடமின் ஃபாலாய்டினைவிடச் சுலபமான, நம்பிக்கையான சாயம் கிடையாது. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தாராளமாகத் தரலாம். ஆனால் சிஎஃப்எல்1 மரபணுவை அடக்கினால் என்ன ஆகும், கூட்டினால் என்ன ஆகும் என்று பார்க்க இந்த ஒரு குப்பியை மட்டும் நம்பி இறங்கினால் பாதிதான் தெரியும். சில நேரம் இல்லாதது இருப்பதாகத் தெரியும். குறைத்த ஒரு நட்சத்திரம் அதற்காக. சாயத்தின் மேல் குற்றமில்லை. குப்பியோடு வரும் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் குறை.

திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டையிலும் அபிஷேகப்பட்டியிலும் செல் வளர்ப்பு அறை வைத்திருக்கிறவர்களையும், புனேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து ஹீலா, ஏ549 மாதிரி செல் வரிசைகளை வாங்கி வளர்க்கிற எம்எஸ்சி, பிஎச்டி மாணவர்களையும் மனதில் வைத்துத்தான் இந்த மதிப்பீடு.

மரபணுவைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மனிதரில் சிஎஃப்எல்1 இருப்பது 11ஆம் குரோமோசோமின் 11க்யூ13 பகுதியில். அது தரும் புரதம் கோஃபிலின்-1. 166 அமினோ அமிலம், சுமார் 18.5 கிலோடால்டன், அவ்வளவு சின்னது. ஆக்டின் இழையில் பாஸ்பேட்டை இழந்து பழசாகிப்போன பகுதியாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும்; இழையின் முறுக்கை மாற்றும்; கடைசியில் துண்டாக்கும். கழன்று விழுந்த ஆக்டின் மூலக்கூறுகள் செல்லின் முன்விளிம்பில் புது இழை கட்டப் போகும். இந்தக் கத்திரிக்கு உறையும் உண்டு. புரதத்தின் 3ஆவது இடத்திலுள்ள செரினில் பாஸ்பேட் ஏறினால் கோஃபிலின் ஆக்டினோடு ஒட்டாது. ஏற்றுவது லிம் கைனேஸ்-1 என்ற நொதி. இந்தக் கண்டுபிடிப்பு 1998இல் வெளிவந்தது. இறக்குவது ஸ்லிங்ஷாட், குரோனோஃபின் என்ற இரண்டு பாஸ்படேஸ்கள். ப்ரைமரோ (மரபணுவை அடையாளம் காணும் சிறு டிஎன்ஏ துண்டு) எஸ்ஐஆர்என்ஏவோ (மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) ஆர்டர் போடும்போது ஒரு எச்சரிக்கை: சிஎஃப்எல்2 என்று இன்னொன்று 14ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது தசைக்கானது. அதில் பழுது வந்தால் நெமலின் மயோபதி என்ற தசை நோய் வரும். பெயரில் ஒரே எண் வித்தியாசம். ஆர்டர் தாளில் மாறிப்போனால் மூன்று வாரம் போச்சு.

இனி குப்பி. திறந்தால் காலி மாதிரி இருக்கும். அடியில் இளஞ்சிவப்பாக ஒரு படலம், அவ்வளவுதான் சரக்கு. பயப்பட வேண்டாம், உள்ளே இருப்பதே ஏறக்குறைய 12 மைக்ரோகிராம். மூடியில் ஒட்டியிருக்கலாம் என்பதால் திறப்பதற்கு முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விடவும். 1.5 மில்லிலிட்டர் மெத்தனாலில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 200 யூனிட், அதாவது 6.6 மைக்ரோமோலார் கிடைக்கும். ஒரு யூனிட் என்பது ஒரு கவர்ஸ்லிப்புக்கான (செல் வளரும் மெல்லிய கண்ணாடித் தகடு) அளவு, 5 மைக்ரோலிட்டர். சில கம்பெனிகள் இப்போது யூனிட் கணக்கை விட்டுவிட்டு டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து 400 மடங்கு செறிவில் பயன்படுத்தும் குப்பியாகத் தருகின்றன. விலையை ஒப்பிடும்போது குப்பி விலையைப் பார்க்காதீர்கள், எத்தனை கவர்ஸ்லிப் தேறும் என்று பாருங்கள்.

மெத்தனாலா டிஎம்எஸ்ஓவா என்று கேட்டால், நம் ஊருக்கு மெத்தனால்தான். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் உருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மூடியைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும். மெத்தனால் மைனஸ் 20இல் திரவமாகவே இருக்கும், எடுத்த எடுப்பில் பயன்படுத்தலாம். அதற்கும் ஒரு தொல்லை உண்டு: பிப்பெட் முனையிலிருந்து சொட்டும். 5 மைக்ரோலிட்டர் எடுத்து டியூபுக்குக் கொண்டுபோவதற்குள் ஒரு சொட்டு மேசையில் விழுந்திருக்கும். முனையை அதே கரைசலில் இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டு, அதாவது முன்கூட்டியே நனைத்து, பிறகு அளந்தால் சொட்டாது. சித்திரை வெயிலில் மின்விசிறிக்கு அடியில் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்காதீர்கள். மெத்தனால் ஆவியாகி, மாதக் கடைசியில் உங்கள் ஸ்டாக் முதல் நாளைவிடச் செறிவாகியிருக்கும். ஒளி அளவை ஒப்பிடும் வேலையில் இது தெரியாமல் கழுத்தறுக்கும். 100 மைக்ரோலிட்டர் வீதம் திருகுமூடி டியூப்களில் பிரித்து, மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் சுற்றி, அலுமினியத் தாளில் மடித்து மைனஸ் 20இல் வைப்பதே நல்லது.

நஞ்சு விஷயம். ஃபாலாய்டின், அமானிடா ஃபாலாய்டிஸ் என்ற கொல்லும் காளானிலிருந்து வந்த பொருள். 1937இல் ஃபியோடர் லைனனும் உல்ரிக் வீலாண்டும் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். எலிக்கு உயிர்போகும் அளவு கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம். குப்பி முழுவதிலும் 12 மைக்ரோகிராம்தான் என்பதை ஞாபகம் வைத்தால் பதற்றம் குறையும். கையுறை போடுங்கள், வாயருகே கொண்டுபோகாதீர்கள், அது போதும். மெத்தனால்தான் உண்மையில் அதிக கவனம் கேட்கிற பொருள்.

சாயமிடும் முறையைத் தாளில் நாலு வரியில் முடித்திருப்பார்கள். படம் கெடுவதெல்லாம் அந்த நாலு வரிக்கு நடுவில்தான். 12 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப்பில் செல்கள் 60, 70 சதவீதம் நிறைந்திருக்கும்போது எடுங்கள். நெருக்கியடித்து வளர்ந்தால் இழைகள் தனித்தனியாகத் தெரியாது. செல்லைக் கழுவும் உப்புக் கரைசலான பிபிஎஸ் 37 டிகிரியில் இருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பிபிஎஸ்ஸை ஊற்றினால் செல் சுருண்டுகொள்ளும். பிறகு அதை மரபணுவின் விளைவு என்று எழுதிவிடுவோம். செல்லை அப்படியே நிலைப்படுத்த, மெத்தனால் கலக்காத ஃபார்மால்டிஹைடு 4 சதவீதம், 10 முதல் 15 நிமிடம். ஆம்பூலில் வரும் 16 சதவீதக் கரைசல் 10 மில்லிலிட்டரோடு 30 மில்லிலிட்டர் பிபிஎஸ் சேர்த்தால் கணக்கு சரியாக வரும். அனாட்டமி, பேத்தாலஜி துறைகளில் கிடைக்கும் ஃபார்மலின் பாட்டிலை மட்டும் தொடாதீர்கள். அதைப் பதப்படுத்த 10 முதல் 15 சதவீதம் மெத்தனால் கலந்திருப்பார்கள். பத்து மடங்கு நீர்த்தாலும் 1 முதல் 1.5 சதவீதம் மிச்சமிருக்கும். இழைகள் குறுக்குப்பிணைப்பில் நிலைப்பதற்கு முன் மெத்தனால் பட்டால் ஆக்டினின் உருவம் குலையும், ஃபாலாய்டின் பிடிக்காது. சாயத்தோடு வரும் 2.5 சதவீத மெத்தனால் மட்டும் பரவாயில்லையா என்று கேட்பார்கள். அது செல் நிலைப்பட்ட பிறகு சேர்வதால் பரவாயில்லை.

அடுத்து, செல்சவ்வைத் திறக்க ட்ரைட்டான் எக்ஸ்-100, 0.1 சதவீதம், 5 நிமிடம். சாயம் கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க, 1 சதவீத பிஎஸ்ஏ என்ற புரதக் கரைசலில் 20 நிமிடம். சாயம் 5 மைக்ரோலிட்டர், பிஎஸ்ஏ கலந்த பிபிஎஸ் 200 மைக்ரோலிட்டர். செறிவு ஏறக்குறைய 165 நானோமோலார். 20 நிமிடம் இருட்டில். மூன்று முறை கழுவல்.

பணம் மிச்சம் பிடிக்க வழி உண்டு. 200 மைக்ரோலிட்டரைக் குழியில் ஊற்றுவதற்குப் பதிலாக, பாராஃபிலிமில் 50 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, செல் இருக்கும் பக்கம் கீழே வருமாறு கவர்ஸ்லிப்பை அதன்மேல் கவிழ்த்துவிடுங்கள். செறிவு மாறவில்லை; ஒன்றுக்கு 1.25 மைக்ரோலிட்டர் ஸ்டாக்தான் போகும். 300 என்று வாங்கிய குப்பி கணக்குப்படி 1200 வரை வரும். சொட்டு காய்ந்துவிடக்கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. தாளில் ‘அறை வெப்பநிலை’ என்று போட்டிருப்பது ஏசி அறைக்கு எழுதியது; பங்குனியில் நம் அறை 35 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும், 50 மைக்ரோலிட்டர் சொட்டு ஓரத்திலிருந்து காய ஆரம்பித்துவிடும். காய்ந்த ஓரத்தில் சாயம் கட்டிக்கொண்டு பளபளவென்று தெரியும்; அதை ஆக்டின் என்று நினைப்பவர்களும் உண்டு. ஈரமான டிஷ்யூ விரித்த மூடி டப்பா போதும். அரைக்கிலோ அல்வா டப்பா அளவு கச்சிதமாக இருக்கும், ஆனால் நெய்ப் பிசுக்குப் போகச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு வையுங்கள்.

ஸ்லைடில் ஒட்டும்போது திசு ஆய்வுப் பழக்கத்தில் ஆல்கஹால், சைலீன், டிபிஎக்ஸ் பசை என்று போய்விடாதீர்கள். ஆல்கஹால் வரிசையில் நீர் எடுத்தால் இந்தச் சாயம் கழன்றுவிடும். இதே காரணத்தால்தான் பாராஃபின் கட்டித் திசுவிலும் இது சரியாக ஏறாது. உறைய வைத்து வெட்டிய திசுதான் வேண்டும். கிளிசரால் கலந்த மவுண்ட் போட்டு, ஓரத்தை நெயில் பாலிஷால் அடைத்து, ஒரு வாரத்துக்குள் படம் எடுத்துவிடுங்கள். பாலிஷ் நிறமற்றதாக இருக்கட்டும்; பாளை மார்க்கெட் ஃபேன்ஸி கடையில் கிடைக்கிற மினுமினுப்புச் சரக்கு சிவப்பு ஃபில்டரில் தானே ஒளிரும்.

ஃபாலாய்டினில் ஒட்டிய ஒளிரும் பொருள் ஏன் ரோடமின், ஏன் பச்சைச் சாயமில்லை? உங்கள் நுண்ணோக்கியின் விளக்கைப் பாருங்கள். பழைய மெர்க்குரி விளக்கின் வலுவான கோடுகள் 365, 405, 436, 546, 577 நானோமீட்டரில் இருக்கின்றன. ரோடமின் 540இல் ஒளி வாங்கி 565இல் தருகிறது. 546 கோடு நேராக அதன்மேல் விழும். பச்சைச் சாயத்துக்கு வேண்டிய 490 அருகே மெர்க்குரிக்குக் கோடே இல்லை, ஏனோதானோவென்றுதான் தெரியும். 488 லேசர் உள்ள கான்ஃபோகல் நுண்ணோக்கியிலோ எல்ஈடி விளக்கிலோ இந்தப் பேச்சு எழாது. அங்கே பச்சையே நல்லது. மெர்க்குரி விளக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: கரண்ட் போய் வந்தவுடன் சுவிட்சைத் தட்டாதீர்கள். விளக்கு ஆற அரை மணி நேரம் ஆகும். சூட்டோடு பற்றவைத்தால் ஆயுள் குறையும். யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரை மாட்டிவிட்டு விளக்கை விட்டுவிடுவதுதான் பல இடங்களில் வழக்கம், மாற்றி யோசியுங்கள்.

இனி அந்தக் குறைந்த நட்சத்திரம்.

ஃபாலாய்டின் ஒட்டுவது இழையாகக் கோத்த ஆக்டினில் மட்டும். தனி மூலக்கூறில் ஒட்டாது. இது எல்லோருக்கும் தெரியும். எல்லா இழையிலும் ஒட்டாது என்பதுதான் பலருக்குத் தெரியாதது. கோஃபிலின் ஒட்டிய இழையின் முறுக்கு மாறுகிறது, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் சுமார் 5 டிகிரி. 1997இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இது காட்டப்பட்டது. ஃபாலாய்டின் உட்காரும் இடம் பக்கத்துப் பக்கத்து ஆக்டின் மூலக்கூறுகள் சேரும் மூலை. முறுக்கு மாறினால் அந்த மூலையின் வடிவமும் மாறிவிடும், ஃபாலாய்டினுக்கு இடமில்லை. ஆக, கோஃபிலின் நிறைந்து மூடிய இழை உங்கள் படத்தில் கறுப்பாகவே இருக்கும். இழை இருக்கிறது, சாயம் இல்லை.

இதை சிஎஃப்எல்1 பரிசோதனையில் பொருத்திப் பாருங்கள். எஸ்ஐஆர்என்ஏ கொடுத்து 72 மணி நேரம் கழித்துப் பார்த்தால் தடித்த இழைக்கற்றைகளும், இரண்டு மூன்று உட்கருக்கள் உள்ள பெரிய செல்களும், பளிச்சென்ற சிவப்பும் தெரியும். ஒளி கூடியது ஏன்? துண்டாக்குகிறவன் இல்லாததால் இழை கூடியிருக்கலாம். சாயத்தை மறித்தவன் இல்லாததால் ஏற்கெனவே இருந்த இழையே இப்போது கூடுதலாகத் தெரியலாம். இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன. சாயத்தை வைத்துப் பிரிக்க வழியே இல்லை. எதிர்ப்பக்கமும் அதே சிக்கல்: 3ஆவது செரினை அலனினாக மாற்றிய, எப்போதும் வேலைசெய்யும் கோஃபிலினைச் செல்லில் ஏற்றினால் படம் மங்கும். இழை கரைந்ததா, மறைந்ததா? ‘எஃப்-ஆக்டின் (இழையாகக் கோத்த ஆக்டின்) குறைந்தது’ என்று பட்டை வரைபடம் போட்டு அனுப்பினால், விஷயம் தெரிந்த ரிவியூவர் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்.

உச்சகட்டம் கோஃபிலின்-ஆக்டின் தடிகள். செல்லில் ஆற்றல் தீர்ந்தால் கோஃபிலினும் ஆக்டினும் ஒன்றுக்கு ஒன்றாகச் சேர்ந்து தடித்த கம்பிகளாக அடுக்கிக்கொள்ளும். இதைச் செயற்கையாக உண்டாக்க, குளுக்கோஸ் இல்லாத ஊடகத்தில் 10 மில்லிமோலார் சோடியம் அசைடும் 6 மில்லிமோலார் 2-டீஆக்சிகுளுக்கோஸும் 30 நிமிடம் கொடுப்பது வழக்கம். கோஃபிலினைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடியில் தடிகள் தெளிவாகத் தெரியும், ஃபாலாய்டினில் ஒன்றுமே தெரியாது. இங்கே ஒரு முட்டுச்சந்து வேறு. ட்ரைட்டான் பட்டால் தடிகள் கலைந்து கோஃபிலின் வெளியேறிவிடும் என்பதால், ஃபார்மால்டிஹைடுக்குப் பிறகு மைனஸ் 20 மெத்தனாலில்தான் செல்சவ்வைத் திறப்பார்கள். அந்த மெத்தனால் ஃபாலாய்டினைக் கெடுக்கும். ஒன்றுக்கு ஒத்துவருவது மற்றதற்கு ஆகாது. ஒரே கவர்ஸ்லிப்பில் இரண்டையும் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, ஒரே தட்டில் வளர்த்த இரண்டு கவர்ஸ்லிப்பை இரண்டு வழியில் நடத்துங்கள்.

ஜாஸ்பிளாகினோலைடு என்ற, ஆக்டின் இழையைக் கலையவிடாத மருந்து கொடுத்த செல்லிலும் இதே ஏமாற்றம் வரும், காரணம்தான் வேறு. அது ஃபாலாய்டின் உட்காரும் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். இழைகள் கூடியிருக்க, படம் இருண்டிருக்கும்.

அதனால் இந்தக் குப்பியோடு சேர்த்து வாங்க வேண்டியவை: மொத்த கோஃபிலினுக்கு ஒரு ஆன்டிபாடி, 3ஆவது செரினில் பாஸ்பேட் ஏறிய கோஃபிலினுக்கு ஒன்று. வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் முறை) இரண்டின் விகிதம்தான் கத்திரி எவ்வளவு உறைக்குள் இருக்கிறது என்று சொல்லும். 15 சதவீத ஜெல் ஓட்டுங்கள், பட்டை 19 கிலோடால்டன் பக்கத்தில் வரும். 0.2 மைக்ரான் சவ்வு வேண்டும், 0.45இல் இவ்வளவு சின்னப் புரதம் ஊடுருவிப் போய்விடும். பாஸ்பேட் கழன்றுவிடாமலிருக்க, செல்லை உடைக்கும் கரைசலில் சோடியம் ஃபுளூரைடு 50 மில்லிமோலார் கட்டாயம். வெறும் ஆர்த்தோவனடேட் போட்டுவிட்டு ‘பாஸ்படேஸ் தடுப்பான் சேர்த்தோம்’ என்பது போதாது, அது டைரோசினுக்கானது, நமக்கு வேண்டியது செரின். சவ்வின் வெற்றிடங்களை மூடப் பால்பொடிக்குப் பதில் பிஎஸ்ஏ; பாலிலுள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம். இந்த ஆன்டிபாடிகளில் பல, ஏடிஎஃப் என்ற நெருங்கிய உறவுக்காரப் புரதத்தின் பாஸ்பேட்டையும் பிடிக்கும். இரண்டின் முனையும் ஒரே மாதிரி. எனவே சிஎஃப்எல்1ஐ முழுக்க அடக்கிய மாதிரியிலும் மெல்லிய பட்டை நின்றால் எஸ்ஐஆர்என்ஏவைத் திட்டாதீர்கள், முதலில் மொத்த கோஃபிலின் பட்டையைப் பாருங்கள். தடம் சரிதானா என்று சோதிக்க ஒரு தட்டுக்கு லிம் கைனேஸை முடுக்கிவிடும் ராக் கைனேஸைத் தடுக்கும் ஒய்-27632, 10 மைக்ரோமோலார் கொடுங்கள். பாஸ்பேட் பட்டை மங்க வேண்டும், ஃபாலாய்டினில் இழைக்கற்றைகள் கலைய வேண்டும்.

எல்லா மாதிரியிலும் சம அளவு புரதம் ஏற்றினோமா என்று பார்க்க பீட்டா-ஆக்டினைப் போடும் பழக்கத்தை இந்த வேலையில் மட்டுமாவது கைவிடுங்கள். தனி ஆக்டின் குறைந்தால் எம்ஆர்டிஎஃப் என்ற புரதம் உட்கருவுக்குள் போய், எஸ்ஆர்எஃப் என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்து ஆக்டின் மரபணுக்களையே தூண்டிவிடும். எதை அளக்கிறோமோ அதையே அளவுகோலாக வைத்தது போலாகும். அதற்குப் பதில் ஜிஏபிடிஎச் என்ற புரதம் நல்லது, 36 கிலோடால்டனில் தனியாக நிற்கும்.

ஊருக்கு வந்து சேரும் விஷயத்தில் சாயத்துக்கு முழு மதிப்பெண். உலர்ந்த பொடி, சாதாரண வெப்பத்தில் பயணம் தாங்கும். சென்னையிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் வந்து, வண்ணார்பேட்டை கூரியர் கிடங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடந்தாலும் சாயத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆன்டிபாடிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஜெல் பை உருகி, தெர்மோகோல் பெட்டி வெதுவெதுப்பாக வந்தால் பிரிக்கும்போதே படம் எடுத்து, லாட் எண்ணோடு விற்றவருக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். சனிக்கிழமை வந்துசேரும்படி அனுப்ப வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். நிதியாண்டு முடிகிறதே என்று மார்ச் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஆர்டர் போடுவதுதான் இங்கே வழக்கம். சரக்கு கத்திரி வெயிலில் வந்து இறங்கும். ஆன்டிபாடிகளை மார்கழி, தையில் வரவழைத்துக்கொண்டு, சாயத்தை மார்ச் பட்ஜெட்டுக்கு விட்டுவிடலாம்.